கீழே எழுத்து வராத பெண்

ஆவடி,
21.8.1989

அன்புள்ள அக்கா,

நலம் விசாரிப்பதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெண் பேசும்போது மட்டும் படத்துக்குக் கீழே எழுத்து வரவில்லை.

எந்தப் பெண் என்று கேட்பாய். நேற்று ஞாயிற்றுக்கிழமை மதியம் டி.வி.யில் மாநில மொழிப் படத்துக்குப் பதிலாகத் துருக்கி நாட்டுப் படம் ஒன்றைப் போட்டார்கள். குவார்ட்டர்ஸில் பாதிப் பேர் பார்த்தசாரதி சார் வீட்டில்தான் இருந்தோம். சாருக்கு இங்கிலீஷ் தெரியும் என்பதால், கீழே ஓடுகிற எழுத்தைப் படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். நான் கதவோரம் உட்கார்ந்து, எக்ஸ்போர்ட் கம்பெனிச் சட்டைகளுக்குப் பட்டன் தைத்தபடி பார்த்தேன்.

ஒரு ரொட்டிக் கடைக்காரர் குடும்பத்தின் கதை. மூன்று மகன்கள். மாமியார் தலையில் துணி கட்டியிருந்தார். மூத்த மருமகள் முடியைக் கழுத்தோடு வெட்டிக்கொண்டு பாங்க் வேலைக்குப் போகிறாள். தாயம்மாள் அக்கா வாயில் கைவைத்து, "ஒருத்தி முக்காடு போட்டுகினு கீறா, ஒருத்தி முடிய வெட்டிகினு கீறா, ஒரே ஊடா சார் இது?" என்று கேட்டார். "எல்லா விதமான மனுஷாளையும் காட்டணும்னு எடுத்திருக்காங்கம்மா" என்றார் சார்.

கடைசி மகன் தூரத்து மலைப் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு வருகிறான். அவளுக்கு இவர்கள் பாஷை வராது. அவள் பாஷை இவர்களுக்கு வராது. ஒரு இடத்தில் அவள் ரொட்டி மாவு பிசைந்துகொண்டே ரொம்ப நேரம் பேசுகிறாள். யாரும் பக்கத்தில் இல்லை. கீழே எழுத்து வரவில்லை. சாரும் சும்மா இருந்தார். "இன்னா சார் சொல்லுது அந்தப் பொண்ணு?" என்றார் தாயம்மாள் அக்கா. "போடலியேம்மா. முக்கியமா இருந்தா போட்டிருப்பான்" என்றார் சார். எல்லோரும் அந்த நேரத்தில் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்கள். படம் முடிந்து எல்லோர் பெயரும் வந்தபோது அவளுக்கு 'மலைப் பெண்' என்றுதான் போட்டிருந்ததாம். பெயரே இல்லை.

எனக்கு உன் நினைவுதான் வந்தது, அக்கா. ஈஸ்டருக்கு வந்தபோது துணி காயப்போடும் இடத்தில் நின்று சொன்னாயே, எல்லோரும் இந்தியில் பேசிச் சிரிக்கும்போது உன்னைப் பற்றித்தானோ என்று பயமாக இருக்கிறது, நீ 'இன்னா' என்றால்கூட உன் மாமனார் சொல்லித் திருத்துகிறார், பாதி நாள் வாயே திறப்பதில்லை என்று. அந்தப் பெண் அச்சாக நீதான்.

இனி நலம். உடம்பு எப்படி இருக்கிறது? வாந்தி நின்றதா? மூன்றாம் மாதம் முடிந்தால் சரியாகிவிடும் என்கிறார் அம்மா. தலைப்பிரசவத்துக்கு உன்னை அழைத்து வருவதைப் பற்றித்தான் வீட்டில் எப்போதும் பேச்சு. ஏழாம் மாதம் டிசம்பரில் வருகிறது. கட்டிலை இப்போதே ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டாகிவிட்டது. அம்மாவுக்கு ஆபரேஷன் செய்த இடத்தில் இன்னும் வலி இருக்கிறது. குடம் தூக்க நான் விடுவதில்லை. அப்பா சுகம்.

செபாஸ்டியன் மாமாவையும் வீட்டில் பெரியவர்களையும் கேட்டதாகச் சொல்லவும்.

உன் பதிலுக்குத் தபால்காரரைப் பார்த்திருக்கும் தங்கை,
அருள்செல்வி

•

ஜபல்பூர்,
9.9.1989

அன்புள்ள அப்பா, அம்மா, தங்கை அருள் மூவருக்கும் ஞானகுமாரி எழுதுவது.

நானும் என் வீட்டாரும் சுகமாக இருக்கிறோம். அங்கும் அவ்வாறே இருக்க மாதாவை வேண்டுகிறேன்.

அருள் எழுதிய கடிதம் கிடைத்தது. இங்கே தமிழ் நன்றாகப் படிக்கத் தெரிந்தவர் என் மாமனார் ஒருவர்தான் என்பதால், ஊரிலிருந்து எது வந்தாலும் அவரே பிரித்து எல்லோருக்கும் படிப்பார். இதையும் சாப்பாட்டு மேசையில் வைத்துப் படித்தார். அத்தைக்கும் நாத்தனார் வசந்தகுமாரிக்கும் புரியவேண்டும் என்று இந்தியிலும் சொன்னார். ஒரு வரியையும் விடவில்லை.

நான் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை. அன்றைக்கு விருந்தாளிகள் வந்திருந்தார்கள். அருள் இனிமேல் சினிமாக் கதையெல்லாம் எழுதவேண்டாம். அம்மாவின் உடம்பைப் பற்றி எழுதினால் போதும்.

எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

அம்மா வேளைக்கு மருந்து சாப்பிடவும்.

ஞானகுமாரி

•

ஆவடி,
20.9.1989

அன்புள்ள அக்காவுக்கும், மரியாதைக்குரிய பெரியவர்களுக்கும்,

இங்கு எல்லோரும் நலம். அங்கும் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன கடிதத்தில் யோசிக்காமல் எழுதிவிட்டேன். அந்தப் படத்துப் பெண் அக்காவைப் போல இல்லை. அவள் நல்ல சிவப்பு, அக்காவைவிட உயரம். அந்தக் குடும்பமும் உங்கள் குடும்பத்தைப் போல இல்லை. ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்குப் படத்தைப் பற்றி என்ன தெரியும்? பெரியவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

அக்கா, நம் வீட்டுக்கு வருகிற கடிதத்தை நான்தானே எல்லோருக்கும் படிக்கிறேன். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது, அப்பா ஐந்தாவதோடு சரி. இங்கே இப்படி என்றால் அங்கேயும் யாரோ ஒருவர் படிப்பார்தானே. எனக்கு அது தோன்றவே இல்லை.

அம்மாவுக்கு வலி பரவாயில்லை. நெமிலிச்சேரியிலிருந்து சித்தி வந்து போனார். மழை இன்னும் பிடிக்கவில்லை.

எல்லோருக்கும் என் வணக்கத்தைச் சொல்லவும்.

அருள்செல்வி

•

ஜபல்பூர்,
15.10.1989

அருள்,

இது நான் மட்டும் எழுதுகிற கடிதம். பக்கத்து வரிசையில் பஞ்சவர்ணம் அக்கா என்று ஒருவர் இருக்கிறார், நம் ஊர்ப் பக்கத்துக்காரர். அவர் கணவர் குணசேகரனுக்கும் உன் மாமா வேலை செய்யும் ஃபாக்டரியில்தான் வேலை. கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்து, அவர் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ சுகமா? நான் சுகம். குழந்தை அசையத் தொடங்கிவிட்டது.

உன்மேல் கோபம் இல்லை என்று எழுதத்தான் நினைத்தேன். ஆனால் இரண்டு நாள் கோபமாகத்தான் இருந்தேன்.

உன் கடிதம் வந்த அன்றிலிருந்து எனக்கு இங்கே 'துருக்கிவாலி' என்று பெயர். துருக்கிக்காரி, சாதம் போடு. துருக்கிக்காரி, துணியை எடு. நான் இந்தியில் தட்டுத் தடுமாறி ஏதாவது சொன்னால் வசந்தகுமாரி என் தாடைக்குக் கீழே குனிந்து பார்த்து, "பாபி, நீச்சே குச் லிக்கா நஹீ ஆயா" என்பாள். அண்ணி, கீழே எழுத்தே வரவில்லையே என்று அர்த்தம். அத்தை கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார். உன் மாமா சிரிப்பதில்லை. எழுந்து போய் ரேடியோவைச் சத்தமாக வைப்பார்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் மாமனார் ஒரு முடிவு எடுத்திருக்கிறார். தலைப்பிரசவத்துக்கு என்னை அனுப்பப் போவதில்லையாம். போன தடவை போய்த்தான் வீட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள், இந்தத் தடவை நான்கு மாதம் இருந்தால் என்னென்ன சொல்வாளோ என்கிறார்.

எனக்குப் பயமாக இருக்கிறது, அருள். ஆஸ்பத்திரியில் வலி வரும்போது அவர்களுக்குப் புரிகிற பாஷையில் என்னால் கத்த முடியாது.

அப்பாவை, முறைப்படி மாமனாருக்கு ஒரு கடிதம் போடச் சொல். டிசம்பரில் வந்து அழைத்துப் போகிறோம் என்று. துருக்கி விஷயத்தையும், நான் பயப்படுவதையும் அம்மாவுக்குப் படிக்காதே. வயிற்றில் தையலோடு இருக்கிறவர். அதை மட்டும் விட்டுவிட்டுப் படி.

எனக்கு எழுதுவதாக இருந்தால் பஞ்சவர்ணம் அக்காவின் முகவரிக்கு எழுது.

ஞானம்

•

ஆவடி,
30.10.1989

அன்புள்ள அக்கா,

பஞ்சவர்ணம் அக்காவின் கையால் இது உனக்குக் கிடைக்கும் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். உன் கால்கள் வீங்குகின்றனவா? அம்மா கேட்கச் சொன்னார்.

நீ சொன்னபடி விட்டுவிட்டுப் படித்தேன். அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியாது. கண் ஒரு வரியிலிருந்து கீழே தாவும்போது வாய் நின்றுவிடுகிறது. "இன்னா, நடுவுல நிறுத்திட்ட?" என்று அம்மா கேட்டார். "எழுத்து அழிஞ்சிகீதும்மா" என்றேன். "மழயில நனஞ்சிருக்கும். அந்த ஊர்ல மழ போல கீது" என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

உன்னை அனுப்ப மாட்டோம் என்கிறார்கள் என்பதைப் படித்தேன். ஏன் என்பதைப் படிக்கவில்லை. நீ விடச் சொன்னதோடு இதையும் நானாகவே சேர்த்து விட்டுவிட்டேன்.

 அப்பா என்னைக் கடிதம் எழுதச் சொன்னார். "அய்யா அவர்களுக்கு, பால்ராஜ் தெண்டனிட்டு எழுதிக்கொண்டது" என்று ஆரம்பித்தார். தெண்டன் எதற்கு என்று கேட்டேன். "நாம பொண்ண குடுத்துகீறோம். கொரல ஒசத்தக் கூடாது" என்றார். 'அனுப்பிவைக்க வேண்டும்' என்று நான் எழுதியதைத் திருத்தி, 'தங்கள் சித்தம் இருந்தால்' என்று எழுதச் சொன்னார். எழுதினேன். ஃபாக்டரியில் இருபது வருஷமாக மேலதிகாரிக்கு லீவு லெட்டர் எழுதிய பழக்கம், அக்கா. அப்பாவுக்கு வேறு மாதிரி எழுத வராது.

"நாம இன்னா தப்பு பண்ணோம்? சீர்ல கொறயா? அவங்க வந்தப்ப மரியாதயில கொறயா?" என்று அம்மா சோறு வடிக்கும்போதும் கேட்கிறார், சாப்பிடும்போதும் கேட்கிறார். நான் தலையைக் குனிந்து பட்டன் தைக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். பஞ்சவர்ணம் அக்காவுக்கு எங்கள் எல்லோருடைய அன்பையும் சொல்லவும்.

அருள்

•

ஆவடி,
20.11.1989

மரியாதைக்குரிய அந்தோணிராஜ் ஐயா அவர்களுக்கு,

தங்கள் சம்பந்தி பால்ராஜின் இளைய மகள் அருள்செல்வி எழுதுகிறேன். தாங்களும் அம்மாவும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். அப்பா எழுதிய கடிதத்துக்கு மூன்று வாரமாகப் பதில் இல்லை என்பதால் இதை எழுதுகிறேன். நான் எழுதுவது அப்பாவுக்குத் தெரியாது.

ஐயா, ஆகஸ்டில் நான் எழுதிய கடிதத்தில் அக்கா சொன்னதாக எழுதியதெல்லாம் பொய். அக்கா என்னிடம் எதுவும் சொல்லவில்லை. உங்கள் வீட்டைப் பற்றி எப்போதும் பெருமையாகத்தான் பேசுவாள். படம் பார்த்த வேகத்தில் நானாகக் கற்பனை செய்து எழுதிவிட்டேன். தண்டனை கொடுப்பதாக இருந்தால் எனக்குக் கொடுங்கள். இனிமேல் அக்காவுக்கு நான் கடிதம் எழுதவேண்டாம் என்றால் எழுதவில்லை. அவள் இங்கே இருக்கும்போது அவளோடு பேசவேண்டாம் என்றாலும் பேசவில்லை, பூந்தமல்லியில் அத்தை வீட்டில் போய் இருந்துகொள்கிறேன்.

பிரசவத்துக்கு மட்டும் அனுப்புங்கள். அம்மா காத்துக்கொண்டிருக்கிறார்.

தங்கள் வீட்டில் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

அருள்செல்வி

•

ஜபல்பூர்,
5.12.1989

திரு. பால்ராஜ் அவர்களுக்கு அந்தோணிராஜ் எழுதிக்கொள்வது.

சேசுவின் திரு இருதயத்தின் தயவினால் இவ்விடம் யாவரும் க்ஷேமம். தங்கள் க்ஷேமத்தையும் கோருகிறேன்.

தங்கள் கடிதமும், பின்னர் தங்கள் இளைய குமாரத்தி தனியே எழுதிய கடிதமும் கிடைத்தன. ஒரு வீட்டிலிருந்து இரண்டு பேர் இரண்டு விதமாக எழுதுவது எங்களுக்குப் புதிது. மருமகளை நாங்கள் ஊமையாக வைத்திருக்கிறோம் என்றும், துருக்கி தேசத்துச் சினிமாவில் வருகிற மலைஜாதிப் பெண் போல நடத்துகிறோம் என்றும் தங்கள் குமாரத்தி முன்பு எழுதினாள். இப்போது அதெல்லாம் பொய் என்கிறாள். எது மெய்யோ அது கர்த்தருக்கே வெளிச்சம். அந்த ஒரு கடிதத்தினால்தான் நான் இந்த முடிவுக்கு வரவேண்டியதாயிற்று என்பதைத் தாங்கள் அறியவேண்டும்.

நாங்கள் இரண்டு தலைமுறையாக இங்கே கௌரவமாக இருந்துவருகிறவர்கள். எங்கள் வீட்டில் எல்லா விதமான மனிதருக்கும் இடம் உண்டு. மருமகள் திருத்தமான தமிழும் நாலு வார்த்தை இந்தியும் கற்றுக்கொள்ளவேண்டும் என்று சொன்னது அவள் நன்மைக்கே.

பிரசவம் இவ்விடத்திலேயே நடக்கும். நல்ல ஆஸ்பத்திரி இருக்கிறது. தாங்கள் சிரமப்பட்டு வரவேண்டாம். குழந்தை பிறந்ததும் தந்தி கொடுக்கிறோம். ஞானகுமாரிக்கும் இதில் சம்மதம். கீழே அவளே எழுதுகிறாள்.

தங்கள் பத்தினிக்கு என் ஆசீர்வாதம்.

அந்தோணிராஜ்

அப்பா, அம்மா, எனக்குச் சம்மதம். ஞானகுமாரி.

•

ஆவடி,
16.12.1989

அன்புள்ள அக்கா,

எப்படி இருக்கிறாய்? நாங்கள் இருக்கிறோம்.

உன் மாமனாரின் கடிதம் வந்தது. அப்பா ஷிப்ட் முடிந்து வந்ததும் படிக்கச் சொன்னார். நலம் விசாரித்ததைப் படித்தேன். பிரசவம் அங்கேயே என்பதையும், ஆஸ்பத்திரியையும், நீ எழுதிய ஒரு வரியையும் படித்தேன். நடுவில் இருந்தது எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். இந்தத் தடவை நீ விடச் சொல்லவில்லை. எனக்காக விட்டேன்.

"அவளுக்கே சம்மதம்னு எழுதிகீறாளே, நாம இன்னா பண்றது" என்றார் அப்பா. அம்மா அந்தத் தாளை வாங்கி, உன் எழுத்து எது என்று கேட்டார். காட்டினேன். விரலால் தடவிப் பார்த்தார். "இம்மாந்தானா?" என்றார்.

நேற்று பார்த்தசாரதி சாரிடம் போய், அந்தப் படத்தில் அவள் என்ன பேசினாள் என்று யாருக்காவது தெரியுமா என்று கேட்டேன். சார் வீட்டில் நானாகப் பேசியது அதுதான் முதல் தடவை. சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அந்த நாட்டுல மலைப்பக்கத்து ஜனங்க பாஷையிலே எழுதறதுக்கே தடைன்னு பேப்பர்ல படிச்சேன். படத்துல பேச விட்டதே பெரிசோ என்னவோ" என்றார். பிறகு, "நான்தான் தப்பாச் சொல்லிட்டேன் போல இருக்கு. முக்கியமா இல்லாததால போடலைன்னு" என்றார். எனக்கு அதைக் கேட்டு எந்தச் சமாதானமும் வரவில்லை. நம் பேச்சுப் பேசுகிறவர்கள் தமிழ்ப் படத்தில் வந்தால்கூடச் சிரிக்க வைக்கத்தானே வருகிறார்கள். யாருக்கு யார் எழுத்துப் போடுவது?

அக்கா, 'எனக்குச் சம்மதம்' என்று நீ எந்த இடத்தில் உட்கார்ந்து எழுதினாய்? பக்கத்தில் யார் இருந்தார்கள்? இதற்கு மட்டும் பதில் எழுது.

கிறிஸ்துமஸுக்கு உனக்குத் தைத்த ஜாக்கெட்டை அனுப்பலாமா என்று அம்மா கேட்கிறார். வயிற்றுக்கு ஏற்றபடி இடுப்பில் விட்டுத் தைத்திருக்கிறேன்.

அருள்

•

ஜபல்பூர்,
11.1.1990

தங்கை அருள்செல்விக்கு,

பஞ்சவர்ணம் எழுதறேன். எனக்கு எழுத்து அழகாக வராது, பொறுத்துக்கோ. நீங்கள் எல்லோரும் நல்லா இருக்கணும்.

நீ டிசம்பரில் போட்ட கடுதாசி இன்னும் என்னிடமே இருக்கிறது. ஞானம் இப்போது என் வீட்டுக்கு வருவதில்லை. இங்கே உட்கார்ந்து எழுதுவதை யாரோ சொல்லிவிட்டார்கள். கோயிலுக்கு மாமியாரோடு வரும், மாமியாரோடு போகும். பூசை முடிந்து ஒருநாள் நான் பக்கத்தில் போனேன். "கித்னே மஹீனே?", எத்தனை மாசம் என்று மாமியாரிடமே கேட்டேன், பேச்சுக் கொடுக்கலாம் என்று. "ஆட்டவா" என்றது அந்த அம்மா. எட்டாவது. ஞானம் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றது. 

நேற்று குழாயடியில் அரை நிமிஷம் தனியாகக் கிடைத்தது. கால் ரெண்டும் வீங்கிப்போய், செருப்பு போட முடியவில்லை. உன் கடுதாசி இருக்கிறது, தரட்டுமா என்றேன். வேண்டாம் என்றது. "அக்கா, இனிமே கடுதாசி வேணாம்னு சொல்லுங்க. படிக்க எங்கயும் எடமில்ல. யாராச்சும் ஒருத்தர் வரச் சொல்லுங்க. வந்து என் பக்கத்துல இருக்கச் சொல்லுங்க" என்றது. அதற்குள் நாத்தனார் பெண் வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவும் நர்சும் என்ன கேட்டாலும் மாமியார்தான் பதில் சொல்கிறதாம். தலை சுற்றுகிறது என்று இது சொன்னதை அந்த அம்மா சொல்லவே இல்லையாம்.

நானே துணைக்குப் போகலாம், ஆனால் என் வீட்டுக்காரருக்கும் ஞானம் வீட்டுக்காரருக்கும் ஒரே செக்ஷன், பிரச்சினை வரும். கோபித்துக்கொள்ளாதே.

சீக்கிரம் பார்.

பஞ்சவர்ணம்

•

ஆவடி,
24.1.1990

அன்புள்ள பஞ்சவர்ணம் அக்காவுக்கு,

உங்களுக்கும் குணசேகரன் அண்ணனுக்கும் எங்கள் எல்லோருடைய வணக்கம். என் அக்காவுக்காக நீங்கள் செய்ததை மறக்க மாட்டோம்.

உங்கள் கடிதம் திங்கட்கிழமை வந்தது. அன்று சாயங்காலம் அப்பா ஃபாக்டரியிலிருந்து வந்து டீ குடித்து முடித்ததும், செப்டம்பரிலிருந்து வந்த கடிதங்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய் எதிரில் உட்கார்ந்தேன். "எல்லாத்தயும் இன்னொரு தடவ படிக்கிறேன்பா" என்றேன்.

"அதான் படிச்சியே?"

"கொஞ்சம் வுட்டுட்டுப் படிச்சேன்."

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். ஒரு வரி விடாமல் படித்தேன். துருக்கிக்காரி என்று கூப்பிடுவதை, பாஷை தெரியாமல் கத்த முடியாது என்று எழுதியதை, என் கடிதத்தால்தான் இந்த முடிவு என்று அக்காவின் மாமனார் எழுதியதை, எல்லாம். கடைசியாக உங்களுடையதை. நான் அக்காவுக்கு எழுதியது என்ன என்பதையும் சொன்னேன்.

அப்பா என்னை அடிக்கவில்லை. "படிக்கத் தெரிஞ்ச பொண்ணு ஒண்ணு ஊட்ல கீதுன்னு நம்பிகினு இருந்தேன்" என்றார். அவ்வளவுதான். அடித்திருக்கலாம்.

"இவள அப்பறம் பேசிக்கலாம். மொத பெரியவ இன்னா சொல்றான்னு கேளு" என்றார் அம்மா.

"இன்னாத்த கேக்கறது? வராதன்னு எழுதிட்டான். போனா வாசல்லயே நிக்க வச்சி அனுப்புவான்."

"நில்லேன். நின்னா இன்னா? கால் தேஞ்சிடுமா?"

"எட்டு மாசம் ஆயிடுச்சி. இனிமே ரயில்ல கூட்டினு வர முடியாது."

"நான் கூட்டினு வரச் சொல்லல. நம்ம ஆளு ஒண்ணு அவகூட இருக்கட்டுங்கறேன். நான் போவேன், இந்த வயித்த வச்சிகினு ஒன்ற நாளு ஒக்கார முடியாது." பிறகு அம்மா என்னைப் பார்த்தார். அப்பாவும் பார்த்தார்.

"இவளா? கடயில போயி உப்பு கேக்கறதுக்கே கூச்சப்படுவா. அங்க போயி இந்திக்காரங்க நடுவுல இன்னா பண்ணுவா? அங்க ஒரு ஊம கீது, இது ரெண்டாவது."

அது உண்மைதான், பஞ்சவர்ணம் அக்கா. எனக்கு ஒரு வார்த்தை இந்தி தெரியாது. அவர்கள் என்னை உள்ளே விடாமல் போகலாம். விட்டாலும், அக்காவைச் சொல்வதைவிட என்னை அதிகம் சொல்வார்கள். எல்லாம் என்னால் வந்தது என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நான் பக்கத்தில் இருந்து என்ன செய்துவிடப் போகிறேன் என்றும் தெரியவில்லை. டாக்டர் கேட்பதும் எனக்குப் புரியாது. தலை சுற்றுகிறது என்பதைத் தலையைப் பிடித்துக் காட்டலாம், அவ்வளவுதான்.

 அப்பா துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். இன்று காலை சைக்கிளை எடுக்கும்போது, "லீவு கேட்டுப் பாக்கறேன். குடுப்பானோ மாட்டானோ" என்றார். இப்போதைக்கு இவ்வளவுதான் சொல்ல முடிகிறது. அக்காவைக் குழாயடியில் பார்த்தால் எதையும் சொல்லவேண்டாம். வருகிறோம் என்று சொல்லி வராமல் போனால் அது தாங்காது.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அருள்செல்வி

25.1.1990, மதியம்

இதை ஒட்டாமல் வைத்திருந்தேன். அப்பாவுக்கு லீவு கிடைத்ததா என்று இன்று சாயங்காலம்தான் தெரியும். காலையில் அவர் போன பிறகு அம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்து, புடவைகளுக்கு அடியில் இருந்த பணத்தை எடுத்து என் கையில் வைத்து, "போ" என்றார். ஒன்பது மணி வண்டியில் ஏறினேன். சென்ட்ரலுக்குத் தனியாகப் போனது இதுதான் முதல் தடவை.

ரிசர்வேஷன் ஹாலில் ஒரு அம்மாவிடம் பேனா கேட்டு வாங்கினேன். படிவத்தில் அப்பா பெயரையும் வயதையும் எழுதினேன். அதற்குக் கீழே என் பெயரையும் வயதையும் எழுதினேன். கவுண்டரில் இருந்தவர், "எங்கம்மா?" என்றார். எனக்குக் குரல் வரவில்லை. பின்னால் நின்றவர், "சொல்லும்மா, வண்டி போயிடப் போவுது" என்றதும் சிரித்தார்கள். "ஜபல்பூர்" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. திரும்பவும் சொன்னேன்.

அவர் படிவத்தைத் திருப்பிக் கொடுத்து, "திரும்பி வர்றத எழுதலியே" என்று கீழே ஒரு இடத்தைக் காட்டினார்.

அதில் அப்பாவின் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்தேன்.